இருட்டில் எழுத்து தெரிந்தால் போதுமா?

மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் என்று வீட்டுக்கு வரும் சாமான்களைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதிவந்திருக்கிறேன். இந்தத் தடவை கம்ப்யூட்டர் கீபோர்டைப் பற்றி எழுதப் போகிறேன். "அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்றைக்கு எத்தனையோ வீடுகளில் சாப்பாட்டு மேஜையே ஆபீஸ் மேஜையாகிவிட்டது. மகளோ மருமகளோ மடியில் குழந்தையும் எதிரில் கம்ப்யூட்டருமாக உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை தூங்கவேண்டும், அவளுக்கு வேலையும் நடக்கவேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் விளக்கைப் போடுவதா, அணைப்பதா என்பது தினசரி வழக்கு.

இந்த வழக்கைத் தீர்த்துவைக்கும் என்று சொல்லிக் கடையில் விற்கிற பண்டம்தான் ஒளிரும் கீபோர்டு. கீகளுக்கு அடியில் பொட்டுப் பொட்டாக விளக்குகள் இருக்கும். இருட்டிலும் எழுத்து பளிச்சென்று தெரியும். ரூ.850 கொடுத்து ஒன்று வாங்கி, ஒரு மாதம் நானும் என் பெண்ணும் உபயோகித்துப் பார்த்தோம். அந்த அனுபவம்தான் இது.

எங்கள் வீட்டு நிலவரம்

பெண் பிரசவத்துக்கு வந்தவள், இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். 2017-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் லீவு கிடைக்கிறது. லீவு முடிந்ததும், குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அவள் கம்பெனியில் ஒப்புக்கொண்டார்கள். வேலை, மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, இன்ன வியாதிக்கு இன்ன குறியீடு என்று இவள் பதிய வேண்டும். இன்ஷூரன்ஸ் பணம் கொடுப்பதற்கு அங்கே அந்தக் குறியீடுதான் ஆதாரம். 2015 அக்டோபரிலிருந்து ஐ.சி.டி. 10 என்ற முறை அங்கே நடைமுறையில் இருக்கிறது. அதில் ஈ 10 என்றால் முதல் வகை சர்க்கரை வியாதி, ஈ 11 என்றால் இரண்டாம் வகை. கீபோர்டின் வலது ஓரத்தில் எண்களுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் 1-க்கு நேர் கீழேதான் 0 இருக்கிறது. விரல் ஒரு வரிசை நழுவினால் போதும், எங்கேயோ இருக்கும் ஒரு நோயாளிக்கு வியாதியே மாறிவிடும்!

வேலை நேரம் மாலை 6 மணி முதல் விடியற்காலை 3 மணி வரை. எங்களுக்கு ஒரே ஒரு படுக்கையறை. ஹாலில் என் வீட்டுக்காரரும் மாமியாரும் படுத்துக்கொள்வார்கள். ஆகவே தூளியும் மேஜையும் ஒரே அறையில். டியூப்லைட்டைப் போட்டால் குழந்தை சிணுங்கி எழுந்துவிடும். எழுந்தால் ஒரு மணி நேரம் போச்சு. விளக்கை அணைத்துவிட்டு, திரை வெளிச்சத்திலேயே தட்டித் தடவி அடித்துவந்தாள். அவர்கள் ஆபீஸில் மாதா மாதம் தணிக்கை உண்டு. எத்தனை குறியீடு சரி, எத்தனை தப்பு என்று மார்க் போடுவார்கள். அந்த மார்க் இறங்கிவிட்டது.

"அடுத்த மாசமும் இப்படியே இருந்தா ஆபீஸுக்கே வரச் சொல்லிடுவாங்கம்மா. ஏழு மாசக் குழந்தையை விட்டுட்டு ராத்திரி நான் எப்படிப் போறது?" என்று கண் கலங்கினாள். மாப்பிள்ளை இருப்பது வெளியூரில். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை. வேலையை விட்டுவிடலாம் என்று சொல்வது சுலபம். வீட்டுக் கடன் தவணை பாதி அவள் சம்பளத்தில்தான் போகிறது. "அழாதே கண்ணு, ஏதாவது வழி இருக்கும்" என்று சொல்லிவிட்டு நான் கடைக்குக் கிளம்பினேன்.

முந்தானைப் பரீட்சை

சென்னையில் இந்தச் சாமான்களுக்குப் பேர்போன இடம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. அங்கே போனதும் கடைக்காரப் பையன் ஏழெட்டு கீபோர்டுகளை எடுத்துப் போட்டு எல்லாவற்றையும் எரியவிட்டான். தீபாவளி மாதிரி இருந்தது! ஆனால் கடையில் பளபளவென்று விளக்குகள் எரியும்போது எல்லாக் கீபோர்டும் நன்றாகத்தான் தெரியும். இருட்டில் எப்படி என்பதல்லவா நமக்கு வேண்டியது? முந்தானையை விரித்து என் தலையையும் கீபோர்டையும் சேர்த்து மூடிக்கொண்டு உள்ளே பார்த்தேன். பையன் சிரித்தான். சிரிக்கட்டும், தம்பிக்கு என்ன தெரியும்?

உள்ளே பார்த்தபோதுதான் வித்தியாசம் புரிந்தது. சிலவற்றில் எழுத்தே ஒளிர்கிறது. வேறு சிலவற்றில் கீகளைச் சுற்றியுள்ள இடுக்குகள் மட்டும் ஒளிர்கின்றன, எழுத்து கறுப்பாகவே இருக்கிறது. இரண்டாவது வகையில் எழுத்தை மேலே மையால் அச்சடித்திருக்கிறார்கள். வெளிச்சம் அதன் வழியாக வராது. பார்க்க அழகு, பிரயோஜனம் சொற்பம். முதல் வகையில், வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக்கின்மேல் கறுப்புப் பூச்சு கொடுத்து, எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் லேசர் ஒளியால் பூச்சைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். விலை கூடியவற்றில் இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றாக வார்த்தே எழுத்தை அமைக்கிறார்கள். அது தேயவே தேயாது. பூச்சுக் கொடுத்தது நாளாவட்டத்தில் விரல் படும் இடங்களில் தேய்ந்து, அங்கெல்லாம் வெளிச்சம் கசியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு கீயின்மேல் இரண்டு குறிகள் இருந்தால், மேலே இருப்பது பிரகாசமாகவும் கீழே இருப்பது மங்கலாகவும் தெரியக்கூடும். விளக்குப் பொட்டு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வெளிச்சம். எண் கட்டமும் ஒளிர்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

"மெக்கானிக்கல் எடுத்துக்கோங்கக்கா, சவுண்டு சூப்பரா இருக்கும்" என்றான் பையன்.

"சவுண்டே வராததா குடு தம்பி, வீட்டில் குழந்தை தூங்கணும்" என்றேன்.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ப்ளூ ஸ்விட்ச், ரெட் ஸ்விட்ச், பிரவுன் ஸ்விட்ச் என்று பெட்டியில் போட்டிருந்தால் அது வெளிச்சத்தின் நிறம் அல்ல. கீயை அழுத்தும்போது விரலுக்கு எப்படி இருக்கும் என்பதற்கு வைத்திருக்கும் அடையாளம். ப்ளூ என்றால் 'டக் டக்' என்று சத்தம் வரும். பிரவுன் லேசாக இடறும். ரெட் தடையில்லாமல் நேராக இறங்கும். இவையெல்லாம் விலை அதிகமான மெக்கானிக்கல் ரகம். ரப்பர் படலத்தின்மேல் கீகள் உட்கார்ந்திருக்கும் சாதாரண ரகமே சத்தம் குறைச்சல், விலையும் மலிவு. நான் வாங்கியது அதுதான்.

வயர் இல்லாத ரகமும் உண்டு. ஆனால் விளக்கும் எரிந்தால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதை மிச்சம் பிடிப்பதற்காகச் சிலவற்றில் கொஞ்ச நேரம் கை படாவிட்டால் விளக்கு தானே அணைந்துவிடுகிறது. ராத்திரி முழுக்க வேலை செய்கிறவர்களுக்கு வயர் உள்ளதே சௌகரியம்.

கரண்ட் செலவு எவ்வளவு?

மாமியார் கேட்ட முதல் கேள்வி இதுதான். கம்ப்யூட்டரின் சாதாரண யு.எஸ்.பி. துவாரம் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது அதிகபட்சம் இரண்டரை வாட் கொடுக்கும். அவ்வளவையும் கீபோர்டே இழுத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு 20 வாட் மணி. ஐம்பது ராத்திரி எரிந்தால்தான் ஒரு யூனிட். 20 வாட் எல்.ஈ.டி. டியூப்லைட் ஆறு ராத்திரியிலேயே ஏறக்குறைய ஒரு யூனிட்டைத் தின்றுவிடும். "பரவாயில்லையே" என்றார் மாமியார்.

இருட்டில் ஒரு வாரம்

முதல் வாரம் அறை இருட்டாக, கீபோர்டு வெளிச்சம் மட்டும். இரண்டாம் வாரம் அதோடு ஒரு சின்ன விளக்கு. இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டு, திருத்தி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் காலண்டர் தாளின் பின்புறம் ஒரு கோடு போடச் சொன்னேன், பால் கணக்கு மாதிரி.

வாங்கி வந்த அன்று கீபோர்டில் வானவில் போல வண்ணங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. வேலை செய்கிறவளுக்கு அது இம்சை. கண் அதன் பின்னாலேயே போகிறது. குழந்தையோ தூளியிலிருந்து எட்டிப் பார்த்துக் 'கெக்கெக்' என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டது! வண்ணத்தை நிறுத்தி ஒரே நிறமாக, ஆடாமல் அசையாமல் எரியும்படி வைக்கவேண்டும். எஃப்.என். என்ற கீயோடு இன்னொரு கீயைச் சேர்த்து அழுத்தினால் நிறமும் பிரகாசமும் மாறும். எந்தக் கீ என்பது ஒவ்வொரு கீபோர்டுக்கும் வேறுபடும், பெட்டியில் உள்ள தாளில் பாருங்கள். மிக மலிவானவற்றில் நிறத்தை மாற்ற முடியாது, அணைக்கவும் போடவும் மட்டும்தான் முடியும். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நிறத்தில் எது நல்லது? நம் கண்ணின் விழித்திரையில், பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அவை நீல ஒளிக்குத்தான் அதிகமாக அசைந்துகொடுக்கும். நீல ஒளி பட்டால், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் உடம்பில் சுரப்பது குறையும். வெள்ளையாகத் தெரியும் எல்.ஈ.டி.யிலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது நீல விளக்குதான், மேலே மஞ்சள் பூச்சு போட்டு வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீல எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசே கிடைத்தது. கீபோர்டின் வெளிச்சம் திரையின் வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் துளிதான், வாஸ்தவம். இருந்தாலும் 3 மணிக்கு வேலை முடித்துவிட்டுப் படுக்கிறவளுக்கு அந்தத் துளியும் நீலமாக இருக்கவேண்டாமே? ஆரஞ்சு நிறத்தில், ஆகக் குறைந்த பிரகாசத்தில் வைத்தோம். கம்ப்யூட்டரில் 'நைட் லைட்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுத் திரையின் நீலத்தையும் குறைத்தோம்.

வார முடிவில் கோடுகளை எண்ணினோம். குறைந்திருந்தன. ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அவளுக்குத் தலைவலியும் விடவில்லை.

ஊசிக்கு நூல் கோர்ப்பது போல

அவள் தூங்கும்போது நானும் அந்த இருட்டில் உட்கார்ந்து அடித்துப் பார்த்தேன். எனக்கு வெள்ளெழுத்து வேறு. ஒளிரும் எழுத்துகள் ஓரத்தில் பிசிறு பிசிறாகத் தெரிந்தன. காரணம் இருக்கிறது. இருட்டில் கண்ணின் பாவை அகலமாக விரியும். பாவை விரிந்தால் கிட்டத்துப் பொருளின் கூர்மை குறையும். வெளிச்சத்தில் பாவை சுருங்கும், எழுத்து கூர்மையாகும். ஊசியில் நூல் கோர்க்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறோமே, ஏன்? இதனால்தான். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும்.

சின்னவளுக்குக் கஷ்டம் வேறு விதம். பிரகாசமான திரை, சுற்றிலும் கும்மிருட்டு, கீழே மங்கலான கீபோர்டு. கண் மேலும் கீழும் போகும்போதெல்லாம் பாவை விரிந்து சுருங்கி அலுத்துப்போகிறது. போதாததற்குத் திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதையே மறந்துவிடுகிறோம். சாதாரணமாக நிமிஷத்துக்கு 15 தடவை போல இமைக்கிற கண், திரைக்கு முன்னால் அதில் பாதிகூட இமைப்பதில்லை. எரிச்சலும் வறட்சியும் வராமல் என்ன செய்யும்?

இரண்டாம் வாரம் திரைக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி 3 வாட் மஞ்சள் பல்பு ஒன்றை வைத்தேன். வெளிச்சம் நேராக யார் முகத்திலும் படாது, சுவரில் பட்டுத் திரும்பி வரும். தூளியின் பக்கம் பழைய பருத்திப் புடவையைக் கயிற்றில் தொங்கவிட்டேன், காற்று தடைப்படாமல் ஒரு முழம் தள்ளி. குழந்தை அசையாமல் தூங்கியது. பெண்ணுக்குத் தலைவலி குறைந்தது. கோடுகளும் கணிசமாகக் குறைந்தன. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 விநாடி பார்க்கவேண்டும் என்று கண் டாக்டர்கள் சொல்வதையும் கடைப்பிடிக்கச் சொன்னேன். 20 அடிக்கு அறையில் இடம் ஏது? ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடியைப் பார்ப்பாள்.

விரலுக்குத் தெரியவேண்டியது

இத்தனைக்கும் பிறகு மிச்சமிருந்த கோடுகளுக்குக் காரணம் வெளிச்சம் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். அவள் நான்கு விரலால் அடிக்கிறாள். ஒவ்வொரு எழுத்துக்கும் தலை குனிகிறது. எழுத்து ஒளிர்வதால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே குனிகிறது!

எங்கள் காலத்தில் பிளஸ் டூ முடித்தால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நானும் லோயர் பாஸ் செய்தவள்தான். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே என்று பக்கம் பக்கமாக அடித்தது இன்னும் விரலில் இருக்கிறது. அப்போது மெஷினைக் குனிந்து பார்த்தால் டீச்சர் ஸ்கேலால் தட்டுவார். கீபோர்டில் எஃப், ஜே இரண்டின் மேலும் சிறு மேடு இருப்பதைத் தடவிப் பாருங்கள். எண் கட்டத்தில் 5-ன்மேலும் இருக்கும். சுட்டுவிரல்கள் எஃப், ஜே மீதும், எண்களுக்கு நடுவிரல் 5-ன் மீதும் உட்கார்ந்தால், மற்ற எல்லாம் எங்கே என்று விரலுக்கே தெரியும். 5 எங்கே என்று விரலுக்குத் தெரிந்தவளுக்கு 0-வும் 1-ம் குழம்பாது.

"இந்த வயசில் டைப்பிங் கிளாஸாம்மா?" என்று முதலில் முறைத்தாள்.

"வெண்டைக்காய் நறுக்கும்போது விரலைப் பார்த்துக்கிட்டா இருக்கே? பழகினா வரும்டி" என்றேன்.

மத்தியானம் குழந்தை தூங்கும்போது கால் மணி நேரம், ஒரு மாதமாக நடக்கிறது எங்கள் வீட்டு இன்ஸ்டிட்யூட். மேலே ஒரு துண்டைப் போட்டுக் கையை மூடிவிட்டு அடிக்கச் சொல்கிறேன். வேகம் முதலில் குறைந்து, இப்போது திரும்பியிருக்கிறது. இந்த மாதத் தணிக்கையில் மார்க் ஏறிவிட்டது. ஆபீஸிலிருந்து அழைப்பு வரவில்லை. அடுத்த மாதத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம்.

தமிழில் அடிப்பவர்களுக்கு

நான் இந்தப் பக்கத்தை எழுதுவது தமிழ் 99 முறையில். தமிழக அரசு 1999-ல் ஏற்றுக்கொண்ட முறை இது. உயிரெழுத்துகள் எல்லாம் இடது கைக்கு, மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைக்கு. க அடித்து ஆ அடித்தால் கா வந்துவிடும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஒளிரும் கீபோர்டில் எரிவது ஆங்கில எழுத்து. தமிழுக்கு என்று ஸ்டிக்கர் விற்கிறார்கள். ஒரே ஒரு கீயில் ஒட்டிப் பார்த்தேன். கறுப்பு ஸ்டிக்கர் வெளிச்சத்தை அடியோடு மறைத்துவிடுகிறது. கண்ணாடி போன்ற ஸ்டிக்கரில் ஆங்கில எழுத்து ஒளிர்கிறது, தமிழ் எழுத்து நிழலாகத்தான் தெரிகிறது. தமிழுக்கும் விரல் பழக்கம்தான் வழி. எஃப் மேட்டில் ஃ, ஜே மேட்டில் ப. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றவை தானே வரும்.

குழந்தை உள்ள வீட்டில் ஜாக்கிரதை

விளக்கைக் கண்டால் குழந்தை தாவும். கீயின் மேல்மூடிகள் சிலவற்றில் சுலபமாகக் கழன்று வரும். வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் கீபோர்டை எட்டாத உயரத்தில் வையுங்கள். வயர் தூளிப் பக்கம் தொங்கவேண்டாம். வயர் இல்லாததை வாங்கினால் கம்ப்யூட்டரில் செருகும் நகம் அளவு துண்டு ஒன்று வரும், அதையும் கண்ட இடத்தில் வைக்காதீர்கள்.

வெளிச்சம் இருப்பதால் முறுக்குத் தூள், தலைமுடி எல்லாம் நன்றாகவே தெரியும்! வயரைக் கழற்றிவிட்டுத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். பெயின்ட் பிரஷ்ஷால் இடுக்கைத் துடையுங்கள். ஒட்டப் பிழிந்த ஈரத்துணியால் மேலே துடைத்தால் போதும். சோப்புத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம்.

வாங்கலாமா?

வாங்கலாம். எழுத்தே ஒளிர்கிறதா, நிறத்தையும் பிரகாசத்தையும் குறைக்க முடிகிறதா, சத்தம் இல்லையா, எண் கட்டம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முந்தானைப் பரீட்சைக்குக் கூச்சப்படாதீர்கள். ஆனால் இருட்டில் வேலை செய்ய உரிமம் கிடைத்துவிட்டதாக நினைக்கவேண்டாம். டியூப்லைட் எரியவேண்டிய இடத்தில் ஒரு சின்ன விளக்கோடு சமாளிக்கலாம், அதுதான் இந்தக் கீபோர்டு செய்யும் உபகாரம். மீதியைச் சுவரோரத்து 3 வாட் பல்பும், தினம் கால் மணி நேரப் பழக்கமும்தான் செய்யவேண்டும். ராத்திரி வேலை பார்க்கும் மகளோ மருமகளோ உங்கள் வீட்டிலும் இருந்தால், இன்றைக்கு ராத்திரி பத்து நிமிஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். என்ன வாங்குவது என்பதை அதன் பிறகு யோசிக்கலாம்.